வலப்பக்கம் கடல்

1

நான் நோர்வேக்குப் போகப் புறப்பட்டவன். போய்ச் சேர முப்பத்தாறு வருடங்கள் ஆயின.

இருபத்திரண்டு வயதில் மிலானில் ரயில் ஏறியபோது என் சட்டைப்பையில் ஒரு துண்டுக் கடதாசி இருந்தது. நோர்வேயின் வடக்கே மீன் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்த பள்ளித் தோழனின் முகவரி அது. இத்தாலி-சுவிஸ் எல்லையான சியாஸ்ஸோவில் இரண்டு பொலிஸ்காரர் என்னை எழுப்பி இறக்கினார்கள். எங்கே போகிறாய் என்று கேட்டார்கள். நோர்வே என்றேன். அவர்களில் வயதானவர் சுவரில் தொங்கிய ஐரோப்பிய வரைபடத்தில் அந்த நாட்டைத் தொட்டுக் காட்டினார். அதற்கு அவர் எட்டி நிற்க வேண்டியிருந்தது. பிறகு விரலைக் கீழே இறக்கிக்கொண்டே வந்து, நாங்கள் நின்ற இடத்தில் வைத்து, "இங்கே" என்றார். அன்றிலிருந்து நான் சுவிஸில் இருக்கிறேன்.

முதல் தந்த அடையாள அட்டையில் 'என்' என்ற எழுத்து இருந்தது. முடிவு தெரியாத அகதி என்று அதற்குப் பொருள். அதை வைத்துக்கொண்டு நாட்டை விட்டு வெளியே போக முடியாது. தோழனின் கலியாணத்துக்குப் போய்வர அனுமதி கேட்டு எழுதினேன். ஐந்து வரியில் பதில் வந்தது. அதில் எனக்கு விளங்கிய ஒரே சொல் 'மறுக்கப்பட்டது' என்பதுதான். பிறகு 'எஃப்', பிறகு 'பி', பிறகு 'சி' என்று எழுத்துகள் மாறின. கடைசியில் சிவப்புக் கடவுச்சீட்டும் வந்தது. ஆனால் நான் வேலை செய்வது இன்டர்லாக்கனில் ஒரு ஹோட்டல் சமையலறையில். ஊர் உலகமெல்லாம் கோடையில் அங்கே வந்து இறங்கும். கோடையில் எனக்கு விடுமுறை கிடைத்ததே இல்லை.

இந்த வருடம் நீண்டகாலச் சேவைக்காக மூன்று வாரம் தந்தார்கள், அதுவும் ஓகஸ்டில். சியாஸ்ஸோவில் இறங்கிய நாளும் ஓகஸ்டில்தான் வருகிறது. வீட்டில் அதை நாங்கள் கொண்டாடுவதில்லை. ஆனாலும் என் மனைவி ஜெசிந்தா அன்று மட்டும் கேட்காமலே கணவாய்க் கறி வைப்பாள்.

"இந்த முறை கறி அங்க போய் வைப்பம்" என்றாள்.

2

வாகனம் தந்தவர் துன் நகரில் எங்கள் கீழ்வீட்டில் இருக்கும் ஹான்ஸ்பீட்டர், ஓய்வுபெற்ற தபால்காரர். அவரும் மனைவியும் ஒவ்வொரு கோடையும் தங்கள் 'வோம்மோ'வில் எங்காவது போவார்கள். கட்டில், அடுப்பு, குளிர்சாதனப் பெட்டி, கழிப்பறை எல்லாம் அடங்கிய நடமாடும் வீட்டுக்கு இங்கே வழங்கும் செல்லப்பெயர் அது. இந்த வருடம் அவருக்கு இடுப்பில் அறுவைச் சிகிச்சை. சும்மா நின்றால் வாகனம் பழுதாகிவிடும், கொண்டுபோங்கள் என்றார். சுவிஸ்காரர் தம் வாகனத்தைப் பிறரிடம் கொடுப்பது எவ்வளவு அரிது என்பது இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும்.

ஓட்டுவது எங்கள் மகள் அபிரா என்பதுதான் ஏற்பாடு. அவள் சூரிச்சில் மருந்தாளராக வேலை செய்கிறாள், இருபத்தேழு வயது. புறப்படுவதற்கு இரண்டு வாரம் இருக்கும்போது தொலைபேசியில் வந்தாள். "அப்பா, எஸ் கைட் நிட்" என்றாள். சரிவராது என்பதை பேர்ண் நகரத்து ஜேர்மனில் சொன்னாள். நாங்கள் தமிழில் கேட்போம், அவள் அந்த மொழியில் பதில் சொல்வாள். எங்கள் வீட்டில் பல வருடமாக இப்படித்தான். வேலையிடத்தில் ஆள் இல்லை என்றாள். அது உண்மைதான். ஆனால் இருபத்தேழு வயதில் பெற்றோரோடு மூன்று வாரம் ஒரு வானுக்குள் அடைபட்டுக் கிடக்க அவளுக்கு விருப்பம் இல்லை என்பதும் உண்மை. எனக்கும் அந்த வயதில் இருந்திருக்காது.

நான் வாகனம் ஓட்டுவதை விட்டு மூன்று வருடம். கண்ணுக்குள் அழுத்தம் கூடி, பக்கப் பார்வையை மெல்ல மெல்லத் தின்னும் நோய். வைத்தியர் சொன்னதும் நானே போய் அனுமதிப்பத்திரத்தை ஒப்படைத்தேன்.

பயணம் இல்லை என்று முடிவாகியிருந்த அந்த மாலையில் ஜெசி பாத்திரம் கழுவிக்கொண்டே சொன்னாள்.

"நான் ஓட்டுறன்."

"நீர் கார் ஓட்டுறீர். இது ஏழு மீற்றர் நீளம்."

"அங்க கிழவர்மாரைக் கட்டிலோட தள்ளிக்கொண்டு லிஃப்ட்டுக்குள்ள போறன். அதுவும் நீளம்தான்."

ஜெசி முதியோர் இல்லம் ஒன்றில் பராமரிப்பு உதவியாளர். சலவைப் பகுதியில் சேர்ந்து, மொழி படித்து, பரீட்சை எழுதி மேலே வந்தவள். நான் ஓட்டுவதை விட்டபோது ஐம்பத்தொரு வயதில் சாரதிப் பயிற்சிக்குப் போனாள். எழுத்துப் பரீட்சையில் இரண்டு முறை தவறினாள். கேள்விகளைத் தாளில் எழுதிச் சமையலறைச் சுவரில் ஒட்டி, மூன்றாம் முறை ஒரு பிழையும் இல்லாமல் எழுதினாள். இப்போதும் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள், பூட்டிக் கிடந்த மரக்கடை ஒன்றின் வாகனத் தரிப்பிடத்தில் ஹான்ஸ்பீட்டர் ஊன்றுகோலோடு நிற்க, அந்தப் பெரிய வாகனத்தை முன்னும் பின்னுமாக ஓட்டிப் பழகினாள்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். வசந்த காலத்தில் வைத்தியர் புதிய பரிசோதனைத் தாளைக் காட்டினார். வலப்பக்கம் கறுப்பு நன்றாகப் பரவியிருந்தது. வீட்டுக்கு வந்து ஜெசியிடம், "போன முறை மாதிரித்தான்" என்றேன்.

3

ஜேர்மனி, டென்மார்க், சுவீடன் எல்லாம் கடந்து வந்தோம். எந்த எல்லையிலும் ஒருவரும் என் பெயரைக் கேட்கவில்லை. நான் எழுத வந்தது வடநோர்வேயில் கழிந்த ஒரு நாளைப் பற்றி.

அன்று காலை நெஸ்னாவுக்குத் தெற்கே ஒரு சிறிய ஊரின் முகாம் திடலில் கண் விழித்தோம். ஜன்னல் திரையை விலக்கினால் கடல். அதற்கு அப்பால் மலை, மலைக்கு அப்பால் வேறு நிறத்தில் இன்னொரு மலை. துன் ஏரிக்கரையில் இத்தனை வருடம் வாழ்ந்தவனுக்கு மலையும் நீரும் புதிதல்ல. ஆனால் எங்கள் ஏரி நாலு பக்கமும் மூடியது. இங்கே மலைகள் கடலுக்குள் இறங்கிப் போய் முழங்காலளவு தண்ணீரில் நிற்பதுபோல நின்றன.

பொருட்களைக் கட்டி வைத்து, எரிவாயுவை மூடி, அலுமாரிக் கதவுகளைப் பூட்டி, ஜெசி சிலுவை அடையாளம் இட்டுவிட்டு வாகனத்தை எடுத்தாள். சற்று நேரத்தில் முதல் கடவை வந்தது. இந்தக் கரையோரச் சாலை கடலை எதிர்ப்படும் இடங்களில் அறுந்து, வாகனங்களை ஏற்றும் கப்பலில் ஏறி, மறுகரையில் திரும்பத் தொடங்கும்.

"பாதை வந்திட்டுது" என்றாள்.

ஜெசி ஊர்காவற்றுறைக்காரி. அங்கே காரைநகருக்குப் போகும் மிதவைக்குப் பாதை என்றுதான் பெயர். பள்ளிக்கூடத்துக்கு அதில் போய்வந்தவள். நான் இளவாலை. கடல் பக்கத்தில் இருந்தாலும் அதன்மேல் போகும் தேவை எனக்கு இருந்ததில்லை. இரும்புத் தட்டில் ஏறும்போது நான் கைபிடியை இறுக்கிப் பிடித்தேன். அவளோ பணியாளின் கைச் சைகையைப் பார்த்து, முன்னால் நின்ற காருக்கு ஒரு முழம் விட்டு நிறுத்தினாள். அந்த இளம் பெண் பணியாள் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள். "மெர்சி" என்றாள் ஜெசி. பேர்ண் பக்கத்தில் நன்றிக்கு அதுதான் சொல். நோர்வேயில் 'தக்' என்று சொல்ல வேண்டும் என்று நான் எத்தனையோ முறை சொல்லிக் கொடுத்திருந்தேன். கடைசிவரை அவள் மெர்சிதான். ஒருவரும் குறை நினைக்கவில்லை.

இந்த நாட்டை நான் எப்படிச் சொல்ல? பத்து வீடுகளுக்காக மலையைக் குடைந்து மூன்று கிலோமீற்றருக்குச் சுரங்கம் வெட்டியிருக்கிறார்கள். யாரும் இல்லாத குன்றில் சாய்வான கூரையோடு அழகான பொதுக் கழிப்பறை, உள்ளே வெந்நீர், ஒரு கீறல் இல்லை. தீவு தீவாகச் சிதறிக் கிடக்கும் மனிதரை, நீங்கள் இங்கே இருப்பது எங்களுக்குத் தெரியும் என்று சொல்லிச் சொல்லி ஒரு அரசு கட்டி வைத்திருக்கிறது. ஊரில் தீவுப்பகுதிகளில் படகு வருமா வராதா என்று கரையில் காத்திருப்பவர்கள் இதை வாசித்தால் என்ன நினைப்பார்கள் என்று யோசித்தேன்.

ஆங்காங்கே வீதியோரம் நீலப் பலகையில் 'எம்' என்ற எழுத்து மட்டும் எழுதியிருந்தது. மியூசியமாக்கும் என்று நினைத்து இரண்டு இடத்தில் நிறுத்தச் சொல்லி இறங்கிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. ஒடுங்கிய வீதியில் எதிர் வாகனத்துக்கு விலகி நிற்கும் இடத்தைத்தான் அந்த எழுத்து குறிக்கிறது என்று ஜெசிதான் கண்டுபிடித்தாள்.

"சந்திக்கிற இடம்" என்று அதற்குப் பெயர் வைத்தாள்.

4

ஒரு மணிக் கப்பலைப் பிடிக்க வேண்டும். அது நீண்ட கடவை, நடுவில் துருவ வட்டத்தைக் கடக்கும். வழி பார்ப்பது என் வேலை. தொலைபேசியின் வழிகாட்டிக் குரல் இடைக்கிடை குறுக்கே பேசிக் குழப்புகிறது என்று ஜெசி அதை நிறுத்தி வைத்திருந்தாள். நான் பலகைகளைப் பார்த்துச் சொல்வேன், அவள் திரும்புவாள்.

ஒரு சந்தியில் பிரதான சாலை வலப்புறம் வளைந்து போனது. நேரே போனது கிளை வீதி. கப்பல் படம் போட்ட பலகை வலப்பக்கத்தில் நின்றிருக்கிறது. நான் அதைக் காணவில்லை.

"நேரையோ?"

"ஓம், நேரை போம்."

ஐந்தாறு கிலோமீற்றரில் வீதி ஒரு வாகனம் மட்டும் போகுமளவு ஒடுங்கியது. இடப்பக்கம் பாறைச்சுவர். வலப்பக்கம் கடல், தடுப்பு இல்லை. ஓரத்தைக் காட்ட இடைவெளி விட்டுத் தடிகள் நட்டிருந்தார்கள். அந்தத் தடிகளையும் நான் பிறகுதான் அறிந்தேன்.

"இது பாதைக்குப் போற வழி மாதிரித் தெரியேல்லையே."

"போம், வரும்" என்றேன். பிழை விட்டோம் என்று எனக்கு அப்போதே தெரியும். சொல்ல வாய் வரவில்லை.

வளைவில் எதிரே ஒரு லொறி வந்து நின்றது. பின்னால் இணைப்புப் பெட்டியும் இழுத்துக்கொண்டு வந்த பெரிய லொறி. அதன் பக்கத்தில் சால்மன் மீன் படம். அது பின்னால் போக வழியே இல்லை. நாங்கள்தான் போக வேண்டும். கடைசியாகக் கடந்த விலகுமிடம் நூற்றைம்பது மீற்றர் பின்னால், ஒரு வளைவுக்கு அப்பால் இருந்தது. ஹான்ஸ்பீட்டரின் பழைய வாகனத்தில் பின்பக்கம் காட்டும் கமரா இல்லை.

ஜெசி பக்கக் கண்ணாடிகள் இரண்டையும் பார்த்தாள். பிறகு, "இறங்கிப் பின்னால நிண்டு சொல்லுங்கோ" என்றாள்.

இறங்கிப் பின்னால் போய் நின்றேன். கடல் என் வலப்பக்கம். "வாரும்… வாரும்… நேரை வாரும்" என்று கையைக் காட்டினேன். வாகனம் அங்குலம் அங்குலமாக வந்தது.

"வலப்பக்கம் இடம் இருக்கோ?"

"கனக்க இடம் இருக்கு, வாரும்."

இரண்டு மீற்றர் வந்திருக்கும். சட்டென்று நின்றது. பிரேக் விளக்குகள் என் முகத்துக்கு நேரே சிவந்தன. கதவு திறந்து ஜெசி இறங்கி, வாகனத்தைச் சுற்றிக்கொண்டு வந்தாள். வலப்பக்கப் பின் மூலையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"இந்தத் தடியை நீங்கள் காணேல்லையோ?"

நான் முகத்தை முழுதாகத் திருப்பினேன். அப்போதுதான் கண்டேன். ஒரு சிவப்புத் தடி வாகனத்தின் மூலையில் அழுந்திச் சாய்ந்து நின்றது. பின்சில்லுக்கும் வீதியின் விளிம்புக்கும் நடுவே ஒரு சாண் இருக்கும். கீழே பாறைகள், பாசி, பச்சைத் தண்ணீர். பக்கக் கண்ணாடியில் அந்தத் தடி மறைந்ததைக் கண்டுதான் அவள் பிரேக் போட்டிருக்கிறாள்.

"இப்ப காணுறன்" என்றேன்.

அவள் என் வலப்பக்கமாக வந்து நின்றாள். வேலையிடத்தில் வயோதிபரிடம் பேசும் அதே நிதானமான குரலில், "நேரை பாருங்கோ. தலையைத் திருப்பக் கூடாது. என்ர கை தெரியுதோ?" என்று கேட்டாள்.

"எந்தக் கை?" என்று கேட்டேன்.

லொறியிலிருந்து ஓட்டுநர் இறங்கி வந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும் ஒரு பெண். குட்டையான உருவம், மழைச்சட்டை. தடியையும் சில்லையும் குனிந்து பார்த்துவிட்டு, எங்கள் முகங்களையும் பார்த்தார். ஆங்கிலத்தில் தொடங்கி, எங்கள் வாகன இலக்கத்தில் சுவிஸ் கொடியைக் கண்டு, பள்ளியில் படித்த ஜேர்மனுக்கு மாறினார். அவசரம் இல்லை என்பதுதான் அவர் முதல் சொன்னது. லொறி நிறைய ஐஸில் மீன் வைத்திருப்பவர் அப்படிச் சொன்னார். வேண்டுமென்றால் தானே ஓட்டித் தரட்டுமா என்றும் கேட்டார்.

அந்தக் கணத்தில் ஜெசி சாவியைக் கொடுத்துவிடுவாள் என்றுதான் நினைத்தேன். சாவி அவள் கையில் இருந்ததை நான் கண்டேன், நேர்ப்பார்வையில் எனக்குக் குறை இல்லை.

"இல்லை. நீங்கள் பின்னால் நின்று சொன்னால் போதும். நான் எடுப்பேன்" என்றாள் ஜேர்மனில். பிறகு என் பக்கம் திரும்பித் தமிழில், "நீங்கள் அந்தப் பாறைப் பக்கம் போய் நில்லுங்கோ. அசையாதேங்கோ" என்றாள்.

பாறையோடு ஒட்டி நின்றேன். ஜெசி முதலில் இரண்டு மீற்றர் முன்னே எடுத்து நேராக்கினாள். அழுந்தியிருந்த தடி துள்ளி நிமிர்ந்தது. பிறகு பின்னோக்கி வந்தாள். அந்தப் பெண் பின்னால் நடந்தபடியே இரண்டு கைகளாலும் வழி காட்டினார். வளைவில் இரண்டு முறை நின்று, முன்னே எடுத்து, திரும்பவும் பின்னே வந்தாள். ஒரு தரம்கூட அவசரப்படவில்லை. பக்கக் கண்ணாடியில் அவள் முகம் தெரிந்தது. உதடுகள் அசைந்துகொண்டிருந்தன, செபம் சொல்கிறாளோ என்னவோ. அவள் என் முன்னால் கடந்து போனபோது என்னைப் பார்க்கவில்லை.

நூற்றைம்பது மீற்றர். கால் மணித்தியாலம் ஆனது. என் வாழ்க்கையில் நான் பார்த்த எந்த வேலையும் அவ்வளவு அழகாக நடந்ததில்லை.

5

லொறி எங்களைக் கடந்து போனபோது அந்தப் பெண் கையை உயர்த்தினார். ஜெசியும் உயர்த்தினாள். லொறியின் சத்தம் மலைக்குப் பின்னால் மறைந்தது. அவள் எஞ்சினை நிறுத்தினாள்.

"எப்ப இருந்து?"

"சித்திரையிலேயே டொக்டர் சொன்னவர்."

"போன முறை மாதிரித்தான் எண்டு சொன்னனீங்கள்."

"ஓம்."

"ஏன்?"

சமையலறையில் இப்போது என்னைக் காய்கறி வெட்டும் இடத்தில் விட்டிருக்கிறார்கள். ஆட்கள் வலப்பக்கத்தால் வந்தால் மோதிக்கொள்கிறேன். அதையும் நான் வீட்டில் சொன்னதில்லை. எல்லாவற்றையும் அந்த வளைவில் சொன்னேன். கடைசியில், "சொல்லியிருந்தால் நீர் இந்தப் பயணத்தை நிப்பாட்டியிருப்பீர்" என்றேன்.

"நிப்பாட்டியிருக்க மாட்டன்" என்றாள். "கெதியாய் வெளிக்கிட்டிருப்பன். லீவு தாறாங்களோ இல்லையோ எண்டு பாத்துக்கொண்டு இருந்திருக்க மாட்டன்."

அதற்குப் பிறகுதான் அவளுக்குக் கோபம் வந்தது. குரலை உயர்த்தவில்லை. அவள் ஒருபோதும் உயர்த்துவதில்லை.

"உங்கட கண்ணுக்கு நான் கோவிக்கேல்லை. அது வருத்தம், அதுக்கு ஒருத்தரும் ஒண்டும் செய்யேலாது. ஆனால் இடம் இருக்கோ எண்டு நான் கேட்டன். கனக்க இருக்கு எண்டு சொன்னனீங்கள். தெரியேல்லை எண்டு சொல்லியிருக்கலாம். உங்கட சொல்லை நம்பித்தான் நான் பின்னுக்கு எடுத்தனான்."

அகதி விண்ணப்பத்தில் கேட்ட கேள்விகளிலிருந்து சமையலறைத் தலைவர் கேட்கும் கேள்விகள்வரை, தெரியாது என்று சொன்னால் இருப்பதும் போய்விடும் என்று பயந்து பழகியவன் நான். தெரியும், முடியும், பிரச்சினை இல்லை. சுவிஸில் முதலில் படித்த மூன்று ஜேர்மன் சொற்களும் இவைதான். அந்தப் பழக்கம் எப்போது வீட்டுக்குள்ளும் வந்தது என்று தெரியவில்லை.

"பிழை என்னில" என்றேன்.

அவள் கண்ணாடிப் போத்தலில் இருந்த தேநீரை ஊற்றி எனக்குத் தந்தாள். தனக்கும் ஊற்றினாள். ஒரு மணிக் கப்பல் அந்த நேரம் எங்களை விட்டுவிட்டுப் புறப்பட்டிருக்கும்.

6

வந்த வழியே திரும்பிப் போய், மூன்று மணிக்குப் பிந்திய கப்பலில்தான் ஏறினோம். வரிசையில் எங்களுக்கு முன்னால் அதே மீன் லொறி நின்றது. கப்பல் கிளம்பியதும் அந்தப் பெண் எங்கள் ஜன்னலில் வந்து தட்டினார். பெரித் என்று தம் பெயரைச் சொன்னார்.

ஜெசி அவரை உள்ளே கூப்பிட்டு, காலையில் செய்த உருளைக்கிழங்கு ரொட்டி கொடுத்தாள். உறைப்பு அவருக்குக் கண்ணில் தண்ணீர் வரவழைத்தது, இருந்தும் இரண்டாவதையும் கேட்டு வாங்கினார். எத்தனை வருடமாக ஓட்டுகிறீர்கள் என்று ஜெசியைக் கேட்டார். கார் மூன்று வருடம், இது பன்னிரண்டு நாள் என்றாள் ஜெசி. பெரித் ரொட்டியை வைத்துவிட்டு அவளை ஒருதரம் பார்த்தார். இருபத்தெட்டு வருடமாக இந்த வீதியில் லொறி ஓட்டுகிறேன், அந்த வளைவில் வாகனத்தை என்னிடம் தந்துவிட்டு நடந்துபோன ஆண்கள் பலரைக் கண்டிருக்கிறேன் என்றார்.

நான் தோழனைப் பற்றிச் சொன்னேன். இந்த வடக்கில்தான் மீன் தொழிற்சாலையில் இருந்தான், இப்போது கனடாவில் என்றேன். பெரித் தலையாட்டினார். தான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் மீன் ஏற்றும் மேடையில் தமிழர் பலர் நின்றார்கள் என்றும், பனியில் ஒரு சொல்லும் முறையிடாமல் வேலை செய்தார்கள் என்றும் சொன்னார்.

"முறையிட மொழி இருந்திருக்காது" என்றாள் ஜெசி.

பெரித் சற்று யோசித்து, அதுவும் உண்மையாக இருக்கும் என்றார்.

ஒலிபெருக்கியில் கப்பல் தலைவர் துருவ வட்டத்தைக் கடக்கிறோம் என்று அறிவித்தார். எல்லோரும் மேல்தட்டுக்குப் போனார்கள். நாங்களும் போனோம். கரையில் அந்த வட்டத்தைக் குறிக்கும் ஒரு சிறிய பூகோள உருவம் நின்றது. காற்று முகத்தை அறுத்தது. கடலும் வானமும் ஒரே ஈய நிறம், நடுவில் எங்கிருந்தோ விழுந்த வெயிலில் ஒரு தீவு மட்டும் பச்சையாக எரிந்தது. நான் தலையை மெதுவாக இடமிருந்து வலமாகத் திருப்பினேன். இப்படித் திருப்பித் திருப்பிப் பார்த்தால் எல்லாம் பார்க்கலாம், நேரம்தான் கொஞ்சம் கூட எடுக்கும். முப்பத்தாறு வருடத்துக்கு முன்னால் வந்திருந்தால் இதை ஒரே பார்வையில் விழுங்கிவிட்டு, வேலைக்கு நேரமாகிறது என்று போயிருப்பேன்.

ஜெசி வந்து என் வலப்பக்கம் நின்றாள். இன்னும் கோபம் தீரவில்லை என்பது அவள் நின்ற விதத்தில் தெரிந்தது. ஆனாலும் என் கோட்டின் கழுத்துப் பொத்தானைப் போட்டுவிட்டாள்.

7

இன்னொரு சிறு கடவையையும் தாண்டி, பனியாறு ஒன்றின் எதிரே இருந்த முகாம் திடலில் மாலை போய்ச் சேர்ந்தோம். மலையின் இரண்டு தோள்களுக்கு இடையே நீல வெண்மையாக அது கடல்வரை வழிந்து கிடந்தது. ஜெசி கணவாய்க் கறி வைத்தாள். பக்கத்துக் கூடாரத்திலிருந்த டென்மார்க் தம்பதியர் வாசனை பிடித்து எட்டிப் பார்த்தார்கள். அவர்களுக்கும் ஒரு கிண்ணம் போனது.

சாப்பிட்ட பிறகு அபிரா தொலைபேசியில் வந்தாள். "அப்பா, இஷ் அல்ஸ் குவெட்?" எல்லாம் நலமா என்றாள். வழமையாக, "ஓம் பிள்ளை, எல்லாம் நல்லம்" என்று சொல்லி ஜெசியிடம் கொடுத்துவிடுவேன். அன்று கொடுக்கவில்லை. கண்ணைப் பற்றிச் சொன்னேன், வளைவைப் பற்றிச் சொன்னேன், தடியைப் பற்றிச் சொன்னேன்.

பிறகு அவள் தமிழில் கதைத்தாள். சொற்களைத் தேடித் தேடி, இடையில் நின்று நின்று கதைத்தாள்.

"அப்பா… நான் வராதது பிழை. நான் லீவு கேக்கிறன். போடோவுக்கு பிளேன் இருக்கு. நான் வந்து ஓட்டுறன். அம்மா இனி ஓட்ட வேண்டாம்."

ஒலிபெருக்கியில்தான் கதைத்துக்கொண்டிருந்தோம். ஜெசி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு தொலைபேசியை என்னிடமிருந்து வாங்கினாள்.

"பிள்ளை, பாக்க வாறதெண்டால் வா. அப்பாவோட இருக்க வாறதெண்டால் நாளைக்கே வா. ஓட்ட வாறதெண்டால் வர வேண்டாம். ஓட்டுறதுக்கு இஞ்ச ஆள் இருக்கு."

மூன்றாம் நாள் அபிரா போடோ விமான நிலையத்தில் ஒரு சின்னப் பையோடு இறங்கினாள். வாகனத்தின் ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தவள், ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருந்த தாயைப் பார்த்தாள். பிறகு கதவைச் சாத்திவிட்டு, பின்னால் ஏறி, இருக்கைப் பட்டியை மாட்டிக்கொண்டாள்.